பரஸ்தானம் போன நீலப் பை

2025 பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. கடல் பக்கமிருந்து காற்று வீசத் தொடங்கியிருந்தது. கூடாரத்தின் ஓரத்துணி லேசாகப் படபடக்கும் அளவுக்குத்தான். அந்த நேரத்தில், பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய மோட்டார் படகு ஒன்று, பயணி ஒருவர்கூட இல்லாமல், என் மனைவியின் நீலப் பையை மட்டும் ஏற்றிக்கொண்டு தீவிலிருந்து கரைக்குப் போனது. நான் அப்போது கழிப்பறையில் இருந்தேன். வெளியே இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அந்தப் பையில் இன்சுலின் பேனா இரண்டு, அதற்கான ஊசிமுனைகள், சர்க்கரை பார்க்கும் கருவி, குளிர் போகாமலிருக்க ஐஸ் பொதி, ஒன்பது வகை மாத்திரை இருந்தன. என் மனைவிக்கு எழுபது வயது. இருபத்திரண்டு வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. சிறுநீரகம் பாதி அளவுக்குத்தான் வேலை செய்கிறது, சர்க்கரை ஒருதடவை எகிறினாலும் மீதிப் பாதியும் போய்விடலாம், ஒருவேளை ஊசிகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். இது என் மச்சினனுக்கும் தெரியும். அன்றைக்கு அவனும் அந்த அறையில்தான் இருந்தான். எங்களை அவன் காரில்தான் அழைத்துப் போயிருந்தான்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. வயது அறுபத்தாறு. பொறியியல் படித்தவன், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவன், ஆழ்வார்பேட்டையில் சொந்தமாக ஃபிளாட் இருக்கிறது. அவனுடைய போனில் பஞ்சாங்கம் இருக்கிறது. ராகு காலம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது அது கோயில் மணிபோல ஒலிக்கும். எங்கே இருந்தாலும் ஒலிக்கும். என் தம்பி காரியத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோதும் ஒலித்தது.

தீவுக்குப் போகும் யோசனை அவனுடையது. என் மனைவியின் எழுபதாவது பிறந்தநாள் வந்தது. நாங்கள் இருக்கும் மந்தைவெளியிலிருந்து கடல் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அவள் ஆயுளில் ஒருதடவைகூடப் படகில் ஏறியதில்லை. பள்ளிக்கூடத்தில் படகுச் சவாரிக்கு அழைத்துப்போன வருடம் அவள் அப்பா அனுப்பவில்லை என்று நாற்பத்தாறு வருடமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தம்பியிடமும் சொல்லியிருக்க வேண்டும். நகரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் போனால் உப்பங்கழி. அதன் நடுவே ஒரு குட்டித் தீவு. யாரோ குத்தகைக்கு எடுத்துப் பூங்காவாக்கிக் கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். படகில் மட்டும்தான் போக முடியும். நான் மூன்று தடவை வேண்டாம் என்றேன். நான்காவது தடவை சொல்வதற்குள் அவன் நாலு பேருக்கும் பதிவு செய்துவிட்டான். எங்கள் இருவருக்கான பங்கை மறுநாளே அவன் கணக்கில் போட்டேன். யாருடைய தயவிலும் நான் கூடாரத்தில் படுக்கத் தயாராக இல்லை.

கிளம்புவதற்கு முந்தின வாரம் மச்சினன் மனைவி என் மனைவியை தி. நகருக்கு அழைத்துப்போய் ஒரு தொப்பி, டார்ச், மடக்கு நாற்காலி, கேன்வாஸ் ஷூ எல்லாம் வாங்கிக் கொடுத்தாள். பணம் என்னுடையது. எழுபது வயதில் புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஹாலில் நடந்து பார்த்தாள். நன்றாக இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

தீவு என்று சொல்வது மரியாதைக்காக. ஒரு சுற்று நடந்து வர எனக்கு எட்டு நிமிடம் ஆனது. சவுக்கு மரங்கள், பதினோரு கூடாரம், இரண்டு கழிப்பறை, சமையலுக்கு ஒரு தகரக் கொட்டகை. படகுத்துறையில் ஒரு பலகை. அதில் பதினான்கு விதிகள். மது கூடாது, நெருப்பு கூடாது, பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது. காற்று அடித்தால் படகு வராது என்பது பதின்மூன்றாவது விதி. அதை நான் சனிக்கிழமை பிற்பகல் இறங்கியவுடனே படித்தேன். மச்சினனிடம் காட்டவும் செய்தேன். “இதெல்லாம் சும்மா எழுதி வைப்பா அத்திம்பேர்” என்றான்.

சனிக்கிழமை இரவு ஒரு குறையும் சொல்ல முடியாது. கொசு இருந்தது, அவ்வளவுதான். என் மனைவி கூடாரத்துக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே பிறை தெரிந்தது. மச்சினன் உடனே கையைக் குடைபோல நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு, அன்று சதுர்த்தி, நாலாம் பிறையைப் பார்க்கக் கூடாது, எல்லாரும் திரும்பி உட்காருங்கள் என்றான். அவன் மனைவி திரும்பினாள். என் மனைவியும் திரும்பினாள். நான் திரும்பவில்லை. காசு கொடுத்து வெட்டவெளியில் படுக்க வந்துவிட்டு வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவதா? நன்றாகவே பார்த்தேன். இந்தப் பிறை பிறகு வரும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மற்ற கூடாரக்காரர்கள் பகலிலேயே கிளம்பிவிட்டார்கள். எங்கள் நாலு பேரை மட்டும் மாலைவரை இருக்கவிடும்படி மச்சினன் கூடுதல் பணம் கட்டியிருந்தான். நான்கரை மணிக்கு டீ, வாழைக்காய் பஜ்ஜி, பிறந்தநாளுக்காகக் கேசரி என்று சமையல்காரரிடம் சொல்லி வைத்திருந்தான். அடுத்த படகு நான்கு பத்துக்கு. கடைசிப் படகு ஐந்தரைக்கு. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நான்கரையிலிருந்து ஆறு. நான்கு பத்துப் படகில் ஏறினால் ராகு காலம் இல்லை, ஆனால் கேசரியும் இல்லை. ஐந்தரைப் படகில் ஏறினால் கேசரி உண்டு, ராகு காலமும் உண்டு. இந்தச் சிக்கலுக்கு அவன் கண்டுபிடித்த வழிதான் பரஸ்தானம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்கள், தங்கள் மூட்டையில் ஒன்றை அந்த நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டிலோ கோயிலிலோ கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பொருள் புறப்பட்டுவிட்டால் ஆளும் புறப்பட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நேரத்தில் போனாலும் தோஷம் இல்லை. எங்கள் குடும்பத்திலும் இந்த வழக்கம் உண்டு. என் அப்பா வடபழனிக்குக் கல்யாணத்துக்குப் போவதற்கே எதிர் வீட்டில் வேஷ்டியும் துண்டும் கொண்டுபோய் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். வழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குக் கோபம், அதை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு செய்தவன் மேல். பரஸ்தானம் வீட்டை விட்டு வெளியூர் போவதற்கு. வீட்டுக்குத் திரும்பி வருவதற்கு எந்த மடையனாவது பரஸ்தானம் வைப்பானா?

நான்கரைக்கு டீ வந்தது. என் மனைவி இரண்டு பஜ்ஜி சாப்பிட்டாள். கேசரி ஒரு கரண்டி போதும் என்றாள். தம்பி இரண்டாவது கரண்டி போட்டான். நான் அவளைப் பார்த்தேன். “ராத்திரி ஊசி இருக்கேன்னா, ஒரு நாள்தானே” என்றாள். சாப்பிட்டாள். ஐந்து மணிக்குமேல் காற்று கூடியது. சவுக்கு மரங்களின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. ஐந்து இருபதுக்கு எதிர்க்கரையில் சிவப்புக் கொடி ஏறியது. தீவைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் வந்து, இன்று இனிமேல் படகு இல்லை, காலை ஆறரைக்குத்தான், கூடாரத்துக்குத் தனியாகப் பணம் வாங்க மாட்டோம் என்றார். பெரிய தர்மம் செய்வதுபோலச் சொன்னார்.

நான் வழக்கம்போல மூட்டைகளை எண்ணினேன். நான்கு இருக்க வேண்டும். மூன்று இருந்தன.

“நீலப் பை எங்கே?” என்று மனைவியைக் கேட்டேன். அவள் தம்பியைப் பார்த்தாள்.

“அதுதானே அத்திம்பேர் பரஸ்தானமா போயிருக்கு” என்றான் அவன். “நாலேகாலுக்குள்ளயே அனுப்பிட்டேன். வாட்ச்மேன் எடுத்து பெஞ்சுல வெச்சாச்சுன்னு போன் பண்ணினான்.”

“மூணு பை இருக்கறப்போ அதை ஏண்டா அனுப்பினே?”

“பரஸ்தானம்னா முக்கியமான சாமானா இருக்கணும். அழுக்குத் துணியையா அனுப்புவா?”

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை இருந்தது. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தவறிப்போய் அந்தப் பை போகவில்லை. இருந்த நான்கில் எது இல்லாவிட்டால் நாங்கள் தவித்துப்போவோமோ, அதை யோசித்துப் பொறுக்கி அனுப்பியிருந்தான். படித்தவன், முறையாகச் செய்திருந்தான். அக்காவிடம் சொன்னானாம். அவளும் சரி என்றாளாம். அவள் அவன் பேச்சை என்றைக்கு மறுத்தாள்?

படகுத்துறைக்கு ஓடினேன். எழுபத்தைந்து வயதில் ஓடுவது என்றால் என்னவோ அதைச் செய்தேன். எதிர்க்கரை அப்படியொன்றும் தூரம் இல்லை. ஒரு கிலோமீட்டருக்குள்தான். கொடிக்கம்பம் தெரிந்தது, வாட்ச்மேனின் கொட்டகை தெரிந்தது, அதற்கு முன்னால் பெஞ்சும், அதன்மேல் நீலமாக ஒரு புள்ளியும் தெரிந்தன. நல்ல நேரத்தில் புறப்பட்டு, ஒரு தோஷமும் இல்லாமல் போய்ச் சேர்ந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தது பை. அதற்குரியவள் இந்தக் கரையில் வயிற்றில் கேசரியோடு நின்றுகொண்டிருந்தாள். நடுவில் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது.

மேலாளரிடம் சண்டை போட்டேன். அவர் பதின்மூன்றாவது விதியைக் காட்டினார். எனக்கே காட்டினார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். கரைவரை வரலாம், தண்ணீரைத் தாண்டி எப்படி வருவது என்று கேட்டார்கள். டாக்டருக்குப் போன் செய்தேன். ஒன்றும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கட்டும், விடிந்தவுடன் நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், வாந்தி எடுத்தால் எனக்குச் சொல்லுங்கள் என்றார். தீவின் தென்கோடியில் ஒரு மீனவர் தன் ஃபைபர் படகை மணலில் இழுத்துப் போட்டுவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் காற்றுக்கு ஒதுங்கினவர்தான். ஐந்நூறு தருகிறேன் என்றேன், ஆயிரம் என்றேன், இரண்டாயிரம் என்றேன்.

“இன்னா பெர்சு, ஏலமா உட்டுக்கினு கீற?” என்றார். “நீ பத்தாயிரம் குட்த்தாலும் இந்தக் காத்துல போட்டு கவுந்துரும். வெடியக்காலம் அடங்கும். அப்ப நீ சொல்லாங்காட்டியும் நானே வந்து எய்ப்பறேன். அம்மாவ இஸ்த்துக்கினு வந்து குந்து.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு அந்தத் தீவில் நான் கோபப்படாத ஆள் அவர் ஒருவர்தான்.

இரவைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். அவள் தண்ணீர் குடித்தாள், கழிப்பறைக்குப் போனாள், மறுபடி தண்ணீர் குடித்தாள். ஒவ்வொரு தடவையும் நான் டார்ச் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். ஒன்பது தடவை. மச்சினன் தன் கூடாரத்திலிருந்து ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு நான் பேசினால் பதில் வரச் சற்று நேரம் பிடித்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள் என்றார்.

ஐந்தேகாலுக்கு மீனவர் வந்து கூடாரத்தின் கயிற்றைத் தட்டினார். காற்று நின்றிருந்தது. மேலாளர் வந்து, வெளிப்படகில் ஏற அனுமதி இல்லை, லைஃப் ஜாக்கெட் இல்லை என்றார். மீனவர் அவரைத் தள்ளு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டு, என் மனைவியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டுபோய்ப் படகில் உட்கார வைத்தார். மச்சினனும் அவன் மனைவியும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். மீன் வாடை, வலை, அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர். வெள்ளை ஷூ நனைந்தது. பாதித் தூரத்தில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தபடியே ஒரு கையை வெளியே நீட்டித் தண்ணீருக்குள் விட்டாள். கரைவரை எடுக்கவில்லை. மயக்கமா என்று பயந்து கூப்பிட்டேன்.

“சும்மா இருங்கோன்னா” என்றாள். “பெரிய படகுல கை எட்டலை.”

கரையில் வாட்ச்மேன் பையைக் கொட்டகைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். ஐஸ் உருகியிருந்தது. கருவியில் அவள் விரலைக் குத்தி ரத்தம் வைத்தேன். இருபத்திரண்டு வருடமாக நான்தான் பார்க்கிறேன். நூற்று நாற்பது, இருநூற்றுப் பத்து, ஒருதடவை முந்நூற்று எண்பது என்று ஏதாவது ஓர் எண் வரும். அன்று எண் வரவில்லை. இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன. அளக்க முடியாத அளவுக்கு அதிகம் என்று அதற்குப் பொருள். எண்ணே இல்லாத அந்தக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். போனில் டாக்டர் சொன்ன அளவைப் போட்டேன். மீனவருக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். அவர் கேட்டதும் அதுதான்.

மச்சினன் கார் ஓட்டினான். வேகமாகத்தான் ஓட்டினான், அதில் குறை சொல்ல மாட்டேன். அடையாறு பாலம் தாண்டி, ஆழ்வார்பேட்டையில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் அவளை ஏற்றும்போது மணி ஏழு பத்து. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சு விட்டான். “இன்னிக்கு ஏழரைக்கு ராகு காலம் அத்திம்பேர். நல்லவேளை, அதுக்குள்ள வந்துட்டோம்.”

நான் அவனை அடிக்கவில்லை. கையில் நீலப் பை இருந்தது.

மூன்று நாள் இருந்தோம். முதல் நாள் தீவிர சிகிச்சையில். சிறுநீரகம் போகவில்லை, ஆனால் முன்பிருந்த அளவுக்கு இல்லை. தினம் இரண்டு ஊசி என்பது நான்கு ஊசி ஆனது. இரண்டாம் நாள் மாலை மச்சினன் ஆர்லிக்ஸ் போத்தலோடு வந்தான், சர்க்கரை வியாதிக்காரிக்கு. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் நிதானமாக அலசினான். நாலாம் பிறையை நான் பார்த்ததுதான் ஆரம்பமாம். பார்த்த பலன் பார்த்தவனை விட்டு, கூட இருந்தவள் மேல் இறங்கியதாம். ஆனால் பரஸ்தானம் நல்ல நேரத்தில் போயிருந்ததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.

“ஒரே ஒரு வார்த்தை கேக்கறேன்” என்றேன். “தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லு. நான் இதோட விட்டுடறேன்.”

“நான் அக்காவுக்கு நல்லது நினைச்சுத்தான் பண்ணினேன்” என்றான்.

“நல்லது நினைச்சியான்னு கேக்கலை. தப்பான்னு கேக்கறேன்.”

அவன் அக்காவைப் பார்த்தான். கையில் ஊசிக்குழாயோடு படுத்திருந்த அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அவனை ஏன் படுத்தறேள்? ஏழு பையை நாலாக்கி, மருந்தெல்லாத்தையும் ஒரே பையில போட்டது யாரு? எண்றதுக்கு சௌகரியம்னேளே.”

“எண்றதுக்குத்தான் போட்டேன். தண்ணியில விட்டு அனுப்பறதுக்குப் போடலை.”

“நான் படகுல போயிட்டு வந்துட்டேன்” என்றாள். “ரெண்டு படகு. நீங்க ரெண்டு பேரும் வெளியில போய் சண்டை போடுங்கோ, நான் தூங்கணும்.”

வெளியே போனோம். சண்டை போடவில்லை. அவன் லிஃப்டில் இறங்கினான், நான் படியில் இறங்கினேன்.

காப்பீடு கொடுத்ததுபோக, ஆஸ்பத்திரிக்கு நான் கட்டியது ஐம்பத்திரண்டாயிரத்து நானூற்று அறுபது. வீட்டுக்கு வந்த மறுநாள் அதில் சரிபாதி என் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. மச்சினன் போட்டிருந்தான். நான் அதே நாளில் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போட்டான். மறுபடி அனுப்பினேன். அவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். பாதியைக் கொடுத்துவிட்டால் பாதிப் பொறுப்பு தீர்ந்தது, கணக்கு முடிந்தது, அடுத்த பிறந்தநாளுக்கு ஒன்றுமே நடக்காததுபோல வந்து கேசரி சாப்பிடலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் கணக்கை முடிக்க நான் விடப்போவதில்லை. வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறாள் மனைவி. அவன் மனைவியும் போன் செய்து சொன்னாள். இது பணம் இல்லை என்று இருவருக்கும் சொன்னேன். புரிந்த மாதிரி தெரியவில்லை.

வெள்ளை ஷூ பால்கனியில் காய்ந்து விறைத்துப்போய் இருக்கிறது. தூக்கிப் போடக் கூடாது என்று உத்தரவு. நாலு வேளையும் ஊசி நான்தான் போடுகிறேன். மாலை ஊசியின்போது, நல்ல மனநிலையில் இருந்தால், தண்ணீர் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தது தெரியுமா என்று ஆரம்பிக்கிறாள். தெரியாது என்கிறேன். நான் கையை விட்டுப் பார்க்கவில்லை.

கூடாரத்துக்கு எங்கள் பங்கு ஒன்பதாயிரத்து அறுநூறு. தி. நகரில் இரண்டாயிரத்து நூற்று எண்பது. மீனவருக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஆஸ்பத்திரிக்கு நான் சொன்ன தொகை, பாதி இல்லை, முழுவதும். ஆக மொத்தம் அறுபத்தைந்தாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.